வீட்டு நீச்சல் குளத்தில் பாசி, பூஞ்சை: திரும்ப வராமல் ஒழிக்க முழுமையான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஈசிஆர் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் கோவையைச் சுற்றியுள்ள தோட்ட வீடுகளிலும் ஒரே புகார்தான். குளம் பச்சையாகிவிட்டது, சுவர் வழுக்குகிறது, டைல்ஸ் இடுக்கில் கறுப்பாக என்னவோ பிடித்திருக்கிறது. உடனே ஆள் அனுப்பி ப்ளீச்சிங் பவுடர் வாங்கிக் கொட்டுவார்கள். இரண்டு நாளில் தண்ணீர் தெளியும். அடுத்த வாரமே அதே மூலையில் அதே கறுப்பு எட்டிப் பார்க்கும்.

மருந்து போதவில்லை என்று நினைத்து மறுபடியும் கொட்டுவதால் பயனில்லை. மருந்து போய்ச் சேராத இடங்களில்தான் இவை குடியிருக்கின்றன. டைல்ஸ் இடுக்கு, விளக்குக் கூட்டின் பின்புறம், ஏணி செருகிய துளை, ஃபில்டர் மணல், குழாயின் உட்சுவர் என்று எங்கெல்லாம் தண்ணீர் மெதுவாக ஓடுகிறதோ அங்கெல்லாம் தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. குளோரின் அந்தப் படலத்தின் மேற்பரப்போடு மோதியே தீர்ந்துபோகும். படலத்தைத் தேய்த்துக் கிழித்துவிட்டு, குளோரினை உயர்த்தி, அது குறையாமல் சில நாள் பிடித்து வைத்தால்தான் வேலை முடியும்.

இது வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. 2024இல் கேரளத்தில் உயிர்களைப் பறித்த மூளை தின்னும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கு வழியாக உடலில் நுழைவது. குளோரின் சரியாக இருக்கும் குளத்தில் அது தாக்குப்பிடிக்காது. குளோரின் இல்லாமல் வழவழத்துக் கிடக்கும் குளத்தில் பிள்ளைகளை இறக்கவே கூடாது.

முதலில், பிடித்திருப்பது என்ன?

தண்ணீரே பச்சையாகிக் கலங்கியிருந்தால் அது பச்சைப் பாசி. பார்க்கத்தான் பயம், ஒழிப்பது சுலபம்.

நிழல் விழும் சுவரில் மஞ்சளும் பழுப்புமாக மண் படிந்ததுபோல் தெரிந்து, பிரஷ் பட்டதும் புகையாகக் கலைந்து, மறுநாள் அதே சுவரில் மறுபடி படிந்தால் அது மஞ்சள் பாசி. வழக்கமான குளோரின் அளவுக்கு இது அசராது. பிரஷ், வலை, பிள்ளைகளின் மிதவை, நீச்சல் உடை என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு திரும்பி வரும்.

குண்டூசித் தலை அளவிலிருந்து காசு அளவு வரை கறுப்புப் புள்ளிகளா? விரலால் தேய்த்தால் மேல் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறதா? அதுதான் கறுப்புப் பாசி. உண்மையில் இது நீலப்பச்சை பாக்டீரியா வகை. டைல்ஸ் இடுக்கின் சிமெண்டுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் குளங்களில் பெரும்பாலானவை கான்கிரீட்டின் மேல் டைல்ஸ் ஒட்டியவை என்பதால் இடுக்குகளுக்குப் பஞ்சமில்லை. இதற்குத்தான் அதிக உழைப்பு தேவைப்படும்.

மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மரின் மூடிக்கு அடியிலும் ஏணிக்கால் மூட்டிலும் இளஞ்சிவப்பாக வழவழப்பு இருந்தால் அது பாக்டீரியா. பிவிசி குழாய், பிளாஸ்டிக் பாகங்கள் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

உண்மையான பூஞ்சை வெள்ளையாக இருக்கும். பம்பைப் போட்டதும் தண்ணீர் திரும்பி வரும் துவாரங்களிலிருந்து, நனைந்த டிஷ்யூ காகிதம் கிழிந்து மிதப்பதுபோல் துண்டு துண்டாக வந்து விழும். குளத்தில் நாம் பார்ப்பது உதிர்ந்து வந்த மிச்சம்தான். முழுப் புற்றும் குழாய்க்குள் இருக்கிறது. பல வாரம் பம்ப் ஓடாமல் கிடந்த குளங்களில்தான் இது அதிகம்.

தண்ணீர் மட்டத்துக்கு மேலே சிலிக்கான் பூச்சு, மரத்தளம், ரப்பர் விரிப்பு, குடைத்துணி ஆகியவற்றில் கறுத்துப் போவது வீட்டுக் குளியலறையில் வரும் அதே பூஞ்சை. அதற்கான வழி தனி, பின்னால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. குளோரின் போட்ட சில மணி நேரத்திலேயே தண்ணீர் பச்சையாகவோ டீ நிறத்திலோ மாறினால் அது பாசி அல்ல. தண்ணீரில் கரைந்துள்ள செம்போ இரும்போ ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. போர் தண்ணீரில் இது சாதாரணம். வெள்ளை பக்கெட்டில் தண்ணீரை அள்ளிப் பாருங்கள். நிறம் இருந்தும் அடி தெளிவாகத் தெரிந்தால் உலோகம். கலங்கலாக இருந்தால் பாசி. உலோகத்துக்கு மேலும் மேலும் குளோரின் போட்டால் கறை டைல்ஸில் ஏறிவிடும்.

டெஸ்ட் கிட்டை நம்பலாமா?

கடைகளில் மலிவாகக் கிடைப்பது இரண்டு குழாய் வைத்த கிட். ஒன்றில் மஞ்சள் நிறம் வந்து குளோரினைக் காட்டும், மற்றொன்றில் சிவப்பு வந்து பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார நிலையைக் காட்டும். இதில் மஞ்சள் காட்டுவது மொத்தக் குளோரினை. அழுக்கோடும் வியர்வையோடும் சேர்ந்து செயலிழந்துபோன குளோரினும் அந்தக் கணக்கில் வரும். பாசி ஒழிக்கும்போது நமக்குத் தேவை, வேலை செய்யத் தயாராக உள்ள தனிக் குளோரின் எவ்வளவு என்பது. அதற்கு டிபிடி மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு பார்க்கும் கிட் வேண்டும். கொஞ்சம் விலை அதிகம்தான், ஆனால் வீணாகக் கொட்டும் மருந்தின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

டிபிடியிலும் ஒரு சிக்கல் உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு ஒரு கணம் வந்து உடனே வெளுத்துவிடும். அதைப் பார்த்துக் குளோரினே இல்லை என்று இன்னும் கொட்டுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நான்கு பங்கு மினரல் வாட்டர் கலந்து சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். குளோரின் உச்சத்தில் இருக்கும்போது பிஎச் சோதனையும் தப்பாகக் காட்டும் என்பதால், பிஎச் வேலையைக் குளோரின் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கிட்டில் சயனூரிக் அமிலம் அளக்கும் வசதியும் இருக்கட்டும். கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்பார்கள். வெயிலில் குளோரின் பறந்துபோகாமல் காக்கும் பொருள் இது. இது இல்லாத குளத்தில் நம் ஊர் மதிய வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி குளோரின் காலி. அதிகமானாலும் சங்கடம்தான்; குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. 30 முதல் 50 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) வரை இருந்தால் போதும்.

மருந்துகள், அவற்றைக் கையாளும் கைகள்

குளோரின் நம் சந்தையில் நான்கு உருவில் கிடைக்கிறது. சாதாரண ப்ளீச்சிங் பவுடரில் 30 முதல் 35 சதவீதம்தான் குளோரின். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. தண்ணீரைக் கலக்கிவிடும், கடினத்தன்மையையும் ஏற்றும். கடினத்தன்மை அதிகமுள்ள போர் தண்ணீர்க் குளத்தில் இதைத் தொடர்ந்து போட்டால் டைல்ஸில் உப்புப் படிந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில்தான் பாசி நன்றாகப் பிடிக்கும். கால்சியம் ஹைப்போகுளோரைட் 65 முதல் 70 சதவீதம். பாசி ஒழிப்புக்கு நல்லது. திரவ ஹைப்போகுளோரைட் 10 முதல் 12 சதவீதம் என்று லேபிளில் இருக்கும், ஆனால் வெயிலில் கிடந்த கேனில் அதன் வீரியம் பாதியாகியிருக்கலாம். புதிதாகத் தயாரித்தது கிடைத்தால் என் முதல் தேர்வு இதுதான், சுண்ணாம்பும் சேராது, ஸ்டெபிலைசரும் ஏறாது. நான்காவது டிசிசிஏ மாத்திரை, சயனூரிக் அமிலத்தோடு குளோரின் சேர்ந்தது. அன்றாடப் பராமரிப்புக்குச் சரி, பாசி ஒழிக்க உதவாது. மெதுவாகத்தான் கரையும், கரையும்போதெல்லாம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டே போகும்.

இரண்டு விதிகளை பம்ப் ரூம் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே பக்கெட்டையோ ஒரே கரண்டியையோ தொடக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் டிசிசிஏ மாத்திரையும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மாத்திரை வைத்த மிதவையில் மீதமிருந்த பவுடரைப் போடுவதுகூட ஆபத்து.

எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி, காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையைச் செய்பவர் தோட்டக்காரரோ வாட்ச்மேனோதான். அவர் கையில் ஆசிட் கேனைக் கொடுத்துவிட்டுக் கையுறை வாங்கித் தராமல் இருப்பது சரியில்லை. லேபிள் ஆங்கிலத்தில் இருக்கும்; எந்த டப்பாவில் என்ன, எதனோடு சேர்க்கக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் தண்ணீர் பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மரியா லெங்க் மையத்தின் டைவிங் குளம் உலகமே பார்க்கப் பச்சையானது. குளோரின் இருந்த தண்ணீரில் 80 லிட்டர் பெராக்சைடை ஊற்றியதுதான் காரணம் என்று அமைப்பாளர்களே சொன்னார்கள். பெராக்சைடு குளோரினை முடக்கிவிடும்; பாசிக்குக் கதவு திறந்துவிட்டது மாதிரி ஆகிவிடும்.

எத்தனை லிட்டர்?

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். 25 அடி நீளம், 12 அடி அகலம், ஆழம் ஒரு முனையில் 3.5 அடி, மறுமுனையில் 5.5 அடி என்றால் சராசரி 4.5. ஏறக்குறைய 38,000 லிட்டர் வரும். கீழே சொல்லும் அளவுகளெல்லாம் இந்தக் குளத்துக்கு. உங்கள் குளத்துக்கு விகிதப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த 38,000 லிட்டரில் 1 பிபிஎம் குளோரின் ஏற்ற 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் 60 கிராம் வேண்டும். 10 சதவீதத் திரவமென்றால் சுமார் 380 மில்லி.

படி 1: குப்பையை எடுப்பது

இலை, சருகு, வேப்பம்பூ, புங்கம்பூ எல்லாவற்றையும் வலையால் அள்ளுங்கள். அடியில் மக்கிக் கிடக்கும் இலைதான் குளோரினை முதலில் விழுங்கும். ஸ்கிம்மர் கூடை, பம்பின் முன்னால் உள்ள கூடை இரண்டையும் கழுவுங்கள். பிரஷ், வலை, வேக்யூம் ஹோஸ், மிதவைகள் எதையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். குளோரின் ஏற்றியதும் இவையும் அந்தத் தண்ணீரிலேயே ஊறட்டும். உள்ளே தண்ணீரோடு சுருட்டி மூலையில் போட்ட வேக்யூம் ஹோஸ் ஒரு பாசிப் பண்ணை.

படி 2: பிஎச்சை 7.2க்குக் கொண்டுவருவது

அவசரத்தில் எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. பிஎச் 7.2இல் இருக்கும்போது குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு கிருமி கொல்லும் வடிவில் இருக்கும். 7.5இல் அது பாதி. 8க்குப் போய்விட்டால் கால் பங்குகூட மிஞ்சாது. நம் போர் தண்ணீருக்கு பிஎச் 8ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். பிஎச் பார்க்காமல் கொட்டும் குளோரினில் முக்கால்வாசி சும்மா கிடக்கும்.

குறைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஒரு பக்கெட் தண்ணீரில் 250 மில்லி ஊற்றிக் கலக்கி, பம்ப் ஓடும்போது குளத்தின் ஆழமான பக்கத்தில் சிறிது சிறிதாக ஊற்றி, ஒரு மணி நேரம் சுழலவிட்டு மறுபடி அளவெடுங்கள். ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். பிஎச் குறைவாக இருந்தால் ஏற்றுவதற்கு வாஷிங் சோடா.

பிஎச்சை ஆடாமல் பிடித்து வைக்கும் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் இருக்க வேண்டும். மழைநீர் நிறையச் சேர்ந்த குளத்தில் இது விழுந்திருக்கும். 650 கிராம் சமையல் சோடா போட்டால் நம் 38,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏறும்.

படி 3: தேய்ப்பது

இங்கேதான் வேலையே. தண்ணீர் மட்டத்திலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழாக, ஒரு சுவரை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். படிக்கட்டின் உள்மூலை, படியின் செங்குத்துப் பக்கம், ஏணியின் பின்புறம், குளத்தின் அடியில் தண்ணீர் வெளியேறும் மெயின் டிரெயினின் சல்லடை இவையெல்லாம் கண்ணில் படாமல் தப்பிக்கும் இடங்கள்.

பம்பை நிறுத்திவிட்டு, மின் இணைப்பையும் மெயின் சுவிட்சில் அணைத்துவிட்டு, தண்ணீருக்கு அடியில் உள்ள விளக்கின் முகப்பைக் கழற்றுங்கள். விளக்கை ஒயரோடு வெளியே இழுத்துக் கரைமேல் வைக்கும் அளவுக்கு ஒயர் உள்ளே சுருட்டியிருப்பார்கள். பின்னால் உள்ள கூட்டுக்குள் கைவிட்டால் பல குளங்களில் இரண்டு விரல் கனத்துக்கு வழவழப்பு அப்பியிருக்கும். குளம் தெளிந்த பிறகும் வாராவாரம் பாசி பிறப்பது இங்கிருந்துதான். மின்சாரம் பற்றிச் சிறு சந்தேகம் இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டைல்ஸுக்கும் ஃபைபர் குளத்துக்கும் நைலான் பிரஷ். கறுப்புப் பாசி பிடித்த சிமெண்டு இடுக்குக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பிரஷ். சாதா இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் கம்பித் துண்டு துருப்பிடித்துக் கறையாகும்.

படி 4: குளோரின் ஏற்றுவது

பொழுது சாய்ந்த பிறகு. பகலில் போட்டால் பாதியை வெயில் தின்றுவிடும்.

எவ்வளவு என்பது ஸ்டெபிலைசரைப் பொறுத்தது. அது இல்லாத குளத்தில் 10 பிபிஎம் போதும். இருந்தால், அதன் அளவில் 40 சதவீதத்துக்குக் குளோரின் ஏற வேண்டும். 30 இருந்தால் 12, 50 இருந்தால் 20. மஞ்சள் பாசிக்கு 60 சதவீதம் வரை போகலாம். நம் குளத்தில் 20 பிபிஎம் என்றால் கால்சியம் ஹைப்போகுளோரைட் 1.2 கிலோ, அல்லது திரவம் 7.6 லிட்டர்.

ஸ்டெபிலைசர் 100ஐத் தாண்டியிருந்தால் முதலில் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். மாத்திரையை மட்டுமே நம்பி ஓடும் குளங்கள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். 200 கிராம் டிசிசிஏ மாத்திரை ஒன்று 38,000 லிட்டரில் ஏறக்குறைய 3 பிபிஎம் சயனூரிக் அமிலத்தைச் சேர்க்கிறது. வாரத்துக்கு இரண்டு போட்டால், தண்ணீர் மாறாத குளத்தில் நான்கு மாதத்தில் 100ஐ நெருங்கிவிடும். மாத்திரை தவறாமல் போடுகிறேன், ஆனாலும் பாசி வருகிறதே என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

பவுடரை பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி அதில் சிறிது சிறிதாகக் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவைக் குளத்தைச் சுற்றி ஊற்றுங்கள். அடியில் தங்கும் வெள்ளை வண்டலில் மறுபடி தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளியவிட்டு ஊற்றலாம். கடைசி வண்டல் குளத்துக்குள் போக வேண்டாம்.

படி 5: குழாய்களுக்குள் மருந்தை அனுப்புவது

வெள்ளைப் பூஞ்சையும் இளஞ்சிவப்பு வழவழப்பும் இருந்த குளங்களுக்கு இந்தப் படிதான் முக்கியம். மற்றவர்களும் தாண்டிவிட வேண்டாம்.

பம்ப் ரூமுக்குப் போய் வால்வுகளைப் பாருங்கள். ஸ்கிம்மர் லைன், மெயின் டிரெயின் லைன், வேக்யூம் லைன் என்று தனித்தனி வால்வு இருக்கும். வேக்யூம் லைன் எப்போதும் மூடியே கிடக்கும். அதற்குள் உள்ள தண்ணீர் மாதக்கணக்கில் அசையாமல் இருக்கிறது, குளோரினும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்! குளத்தில் குளோரின் உச்சத்தில் இருக்கும்போது ஒவ்வொரு லைனாகத் திறந்து, மற்றவற்றை ஓரளவு மூடி, அரை மணி நேரமாவது வேகமாக ஓடவிடுங்கள். செயற்கை அருவி, ஜெட், நீரூற்று இருந்தால் அவற்றின் லைனும் அப்படியே. விளிம்பில் வழியும் ஓவர்ஃப்ளோ குளமென்றால், வழிந்த தண்ணீர் சேரும் பேலன்சிங் தொட்டியின் மூடியைத் திறந்து உட்சுவரைத் தேயுங்கள். அந்தத் தொட்டியை ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். உள்ளே இறங்க வேண்டியிருந்தால் தனியாக இறங்காதீர்கள். காற்றோட்டமில்லாத தொட்டியில் குளோரின் நெடி ஆளைச் சாய்த்துவிடும். நீளக் கம்பில் பிரஷ் கட்டி மேலிருந்தே தேய்ப்பது நல்லது.

படி 6: ஃபில்டர்

செத்த பாசியெல்லாம் இனி ஃபில்டர் மணலில் வந்து சேரும். பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். சுத்தமாக இருக்கும்போது காட்டும் அழுத்தத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை ஃபில்டரில் எதிர்த்திசையில் ஓடவிட்டு அழுக்கை வெளியேற்றுவது. முதல் நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படலாம். ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்குலேட் என்று நிலை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைப் பம்ப் நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே உள்ள கேஸ்கெட் கிழிந்துவிடும். பேக்வாஷ் முடிந்ததும் ரின்ஸில் ஒரு நிமிடம் விடாமல் நேராக ஃபில்டருக்குத் திருப்பினால் அழுக்குத் திரும்பவும் குளத்துக்கே வரும்.

பல ஆண்டாக மாற்றாத மணலாக இருந்தால் ஃபில்டரின் மேல் மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். மணல் பொலபொலவென்று இருக்க வேண்டும். கட்டி கட்டியாக, பிசுபிசுப்போடு இருந்தால் எந்த மருந்தும் அதைக் காப்பாற்றாது, மாற்றிவிடுங்கள். புது மணல் கொட்டும் முன் தொட்டியைப் பாதி தண்ணீரால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் அடியில் உள்ள சல்லடைக் குழாய்கள் மணல் விழுந்து உடையும்.

படி 7: ராத்திரி சோதனை

தண்ணீர் தெளிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இருட்டிய பிறகு தனிக் குளோரினை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விடியும் முன், வெயில் படுவதற்குள் மறுபடி அளவெடுங்கள். ராத்திரியில் சூரியன் இல்லை. அப்படியும் குளோரின் குறைந்திருந்தால் அதை எதுவோ தின்றிருக்கிறது. 1 பிபிஎம்முக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ இன்னும் பாசி உயிரோடு இருக்கிறது என்று பொருள். மறுபடி குளோரினை அதே அளவுக்கு ஏற்றி, மறுபடி தேய்க்க வேண்டும். பச்சைப் பாசி ஓரிரு நாளில் அடங்கும். கறுப்புப் பாசிக்கும் வெள்ளைப் பூஞ்சைக்கும் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

படி 8: அடியில் தங்கியதை எடுப்பது

செத்த பாசி சாம்பல் நிறத்தில் அடியில் படியும். வால்வை வேஸ்டில் வைத்து வேக்யூம் செய்து நேரே வெளியே அனுப்புங்கள். ஃபில்டர் வழியாக விட்டால் நுண்துகள் மணலைத் தாண்டித் திரும்பி வரும். தண்ணீர் பால்போல் கலங்கியே இருந்தால் படிகாரம் அல்லது கடையில் கிடைக்கும் ஃப்ளாக்குலன்ட் (துகள்களைத் திரளவைத்து அடியில் படியவைக்கும் மருந்து) போடலாம். வால்வை ரீசர்குலேட்டில் வைத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பம்பை நிறுத்தி, ராத்திரி முழுக்க அசையாமல் விட்டால் காலையில் அடியில் மெத்தையாகப் படிந்திருக்கும். கலக்காமல் மெதுவாக வேக்யூம் செய்ய வேண்டும். படிகாரம் பிஎச்சை இறக்கும் என்பதால் பிறகு அளந்து சரிசெய்யுங்கள்.

குளோரின் 4 பிபிஎம்முக்குக் கீழே இறங்கி, பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நின்று, ஆழமான பக்கத்தில் மெயின் டிரெயின் சல்லடை கரையிலிருந்து தெளிவாகத் தெரிந்த பிறகே யாரும் இறங்கலாம். கலங்கிய குளத்தில் ஒருவர் மூழ்கினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

கறுப்புப் பாசிக்குக் கூடுதலாக

கம்பி பிரஷால் புள்ளியின் தலையை உடைத்த பிறகு, கம்பின் நுனியில் டிசிசிஏ மாத்திரை பிடிக்கும் கவ்வி கட்டி, அந்தப் புள்ளி மேல் அழுத்தித் தேயுங்கள். குளத்தில் கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைந்திருப்பதால் இதில் ஆபத்தில்லை. உலர்ந்த பவுடரும் மாத்திரையும் சேர்வதுதான் ஆபத்து. ஃபைபர், வினைல் பரப்பில் இதைச் செய்யக் கூடாது, வெளுத்துவிடும். நாள்தோறும் தேய்த்தும் அதே இடுக்கில் வந்துகொண்டே இருந்தால் அந்த இடத்து சிமெண்டு உள்ளே பொத்தலாகியிருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி பூச்சால் அடைப்பதுதான் முடிவு.

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடச் சொல்பவர்கள் நிறைய. செம்பு பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது தண்ணீரிலேயே தங்கும், டைல்ஸில் நீலப்பச்சைக் கறையேற்றும், நரைத்த தலையையும் பச்சையாக்கும், வெளியேற்றிய தண்ணீர் மீன்களைக் கொல்லும். கூடுதல் காவல் வேண்டுமென்றால், நுரை வராத பாலிகுவாட் வகை ஆல்ஜிசைடு (பாசிக்கொல்லி) வாங்கி, குளோரின் இறங்கிய பிறகு போடுங்கள்.

தண்ணீர் மட்டத்துக்கு மேலே

ஓரத்து சிலிக்கான் பூச்சில் இறங்கிய கறுப்பைக் கழுவி எடுக்க முடியாது. வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள். டைல்ஸ், கல் இடுக்குகளுக்கு ஒரு பங்கு திரவ ஹைப்போகுளோரைட்டை ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். மரத்தளத்துக்கும் குடைத்துணிக்கும் சோப்புத் தண்ணீரும் நல்ல வெயிலும்தான் சரி. அங்கே ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

முழுதாக இறைத்துவிட்டால் என்ன?

பெரும்பாலும் வேண்டாம். மழைக்காலத்தில், குறிப்பாகக் கடற்கரையோர மணல் நிலத்தில், நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும். உள்ளே தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால் கீழிருந்து வரும் அழுத்தம் காலிக் கான்கிரீட் தொட்டியைத் தூக்கிவிடும், விரிசல் விடும். கோடையில் இறைத்தால் காய்ந்த டைல்ஸ் பட்பட்டென்று கிளம்பும். தவிர, குழாய்க்குள்ளும் மணலுக்குள்ளும் இருப்பது இறைத்தாலும் போகாது. 12,000 லிட்டர் லாரி மூன்றுக்கு மேல் வரவழைத்து நிரப்பிய புதுத் தண்ணீரில் அதே பூஞ்சை மறுபடி கிளம்பும். ஸ்டெபிலைசர் ஏறியதற்காகவோ உப்பு ஏறியதற்காகவோ மாற்றுவதானால் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைக்காதீர்கள்.

இனி மழைக்கு முன்பும் பின்பும்

வாரத்துக்கு ஒருமுறை சுவர் தேய்ப்பது, நாளுக்கு எட்டு மணி நேரம் பம்ப், குளோரின் 2 முதல் 3 பிபிஎம், மாதத்துக்கு ஒருமுறை வேக்யூம் லைனைத் திறந்து பத்து நிமிடம் ஓட்டுவது. இவ்வளவுதான். கனமழை எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே குளோரினை 4க்கு ஏற்றி வையுங்கள். மழை விட்டதும் அளவெடுத்துச் சரிசெய்யுங்கள். மழைநீர் குளோரினையும் காரத்தன்மையையும் நீர்க்கச் செய்யும், புல்வெளியில் போட்ட உரத்தையும் இழுத்துக்கொண்டு வரும். குளத்தைச் சுற்றியுள்ள தரை வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று அந்த மழையிலேயே நின்று பாருங்கள்; உள்பக்கம் சரிந்திருந்தால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுவது எந்த மருந்தையும்விடப் பலன் தரும்.

வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போவதானாலும் பம்பை நிறுத்தாதீர்கள். டைமர் வைத்து ஓடவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை குளோரின் பார்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். நின்ற தண்ணீரில் முதலில் குடியேறுவது கொசு. வெளியேற்றும் பேக்வாஷ் தண்ணீரைக் குளோரின் அளவு பூஜ்யமாகும்வரை ஒரு தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் விட்டால் தென்னைக்குப் பாய்ச்சலாம். செம்பு போட்ட தண்ணீரை மட்டும் செடிக்கும் விடாதீர்கள், கிணற்றுப் பக்கமும் விடாதீர்கள்.